ஜெயம்மாவின் மூச்சு

கியாக்டடா, யாங்கோன்
நவம்பர் 9

அன்பு மகள் இந்திராவுக்கு,

காஜா மைதீன் மாமா துஆவுடன் எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. எனக்கு முழங்கால் வலி. போன் இருக்கும்போது மாமாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். என் பேத்தி உஸ்மா அங்கே படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மா மேடையேறி நாற்பது வருடம் ஆனதற்கான கச்சேரி டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, சூலே பகோடா பக்கத்து மண்டபத்தில். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. தமிழில் ஒரு வார்த்தை தெரியாத பர்மாப் பிள்ளைகள் அவள் படம் போட்ட பனியனோடு 'டோ ஜெயா', ஜெயா அம்மா என்று உருகுகிறார்கள். மகாராணியோ வழக்கம்போல மொகிங்கா மீன் சூப்பில் எலுமிச்சை போதவில்லை என்று கடைக்காரியோடு சண்டை.

க்யிம்யிண்டைங் ஜெட்டியில் மூட்டை தூக்கிய தங்கவேலுவின் மகள் அவள். டீக்கடை ரேடியோவில் ஒரு கறுப்பினப் பெண் ப்ளூஸ் பாடுவதைக் கேட்டு, ஒரு வார்த்தையும் புரியாமல் தேம்பி அழுதாள். இந்த அம்மாவுக்கும் நம்ம வீட்டுக் கஷ்டம்தான் அண்ணே என்று என்னிடம் சொன்னாள். மற்றவர்கள் வெளிநாட்டு மெட்டுக்குக் காதல் வார்த்தை போட்டுப் பாடிய காலத்தில், இவள் அப்பாவின் புண்ணான தோளைத் தமிழும் பர்மாவும் கலந்து பாடினாள். முதன்முதலில் பாடப் போன ஹோட்டலில் கவுன் போடச் சொன்னார்கள். லுங்கியும் கன்னத்தில் அரைத்த தனாக்காப் பட்டைப் பூச்சுமாக மேடை ஏறினாள். சமையல்காரன் கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்டான். இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

எங்கள் குழுவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்கும் பழக்கம் கிடையாது, உனக்குத் தெரியும். அவள் மூச்சை இழுப்பாள். அந்த மூச்சில்தான் கிதாரும் டிரம்ஸும் இறங்க வேண்டும். புதிதாக வந்த எத்தனையோ பேர் அதில் தடுக்கி விழுந்து ஓடியிருக்கிறார்கள். நான் இந்தக் கிதாரோடு நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன மாத ஒத்திகையில் தப்பினேன். அவள் மூச்சை இழுத்தாள், நான் வாசித்துவிட்டேன், அவள் பாடவில்லை. மறுபடி இழுத்தாள். மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு அடி பாட அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள், இந்திராவிடம் போனில் மூச்சு விடக்கூடாது என்று. விடவில்லை. கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லையே!

தொண்டையில் கட்டி, மகளே. கச்சேரி முடிந்த திங்கட்கிழமை ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உத்தரவாதமில்லை என்கிறார் டாக்டர். உடனே செய்யச் சொன்னவரிடம், சனிக்கிழமை பாடிவிட்டு வருகிறேன் என்று சொன்னவள் உன் அம்மா. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

லீவு கிடைக்காது, வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றாயாம். அவளும் சரி சரி என்று சொல்லிவிட்டு, உன் பழைய கட்டில் மெத்தைக்குப் புது உறை வாங்கி வந்திருக்கிறாள். வீடியோவில் பாட்டு கேட்கும். ஆனால் பதிவு செய்கிறவர்கள் முதலில் துடைத்து எடுப்பது மூச்சுச் சத்தத்தைத்தான். அவளுடைய ஒரு கேசட்டிலும் அது கிடையாது. நாங்கள் நாற்பது வருடம் எதைக் கேட்டு வாசித்தோமோ, அதை மண்டபத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கலாம்.

முன்வரிசையில் நடு நாற்காலியில் உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. கடைசிப் பாட்டுக்கு அவள் மூச்சை இழுக்கும்போது நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக வாசிப்பேன். அவள் முறைக்கட்டும். அந்த நேரம் உனக்கு, மகளே.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மாமா,
காஜா மைதீன்