ஆன் ராணிக்குப் பழப்புளி

ஒக்டோபர் 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பின்வேலியில் ஒரு பலகை விழுந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

வாங்க: அவல், கடலை, கற்கண்டு, வெற்றிலை. அவருக்கு இரண்டு பனியன். முதியோர் ஹோமில் உடுப்பு மாறிப்போகிறது. போன கிழமை யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் சட்டைக்குள் இருந்தார்.

பின்னேரம் செவன் கிங்ஸ் ஹோமுக்கு. பஸ்ஸில் நின்றபடி. உள்ளே போனதும் அவர் எழும்பி நின்று, மரியாதையாக, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனுசன்.

பையிலிருந்து ஆன் ராணியை எடுத்து அவர் கையில் வைத்தேன். பெருவிரலால் விளிம்பைத் தடவினார். முகம் தெளிந்தது.

"இஞ்சேரும், விளிம்பிலை பிடியும். முகத்திலை கை படக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

'இஞ்சேரும்' என்று என்னை மட்டும்தான் கூப்பிடுவார். அந்த ஏச்சை வாங்கத்தான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போகிறேன்.

ஆன் ராணி என்றால் செம்புப் பதக்கம். காசு இல்லை, ஒரு இறாத்தல் பாண் கூட வாங்க முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ராசா ராணி முடிசூடினால், சண்டையில் வென்றால், ஞாபகத்துக்கு என்று முகத்தை அடித்துக் கொடுப்பார்களாம். அவர் பெற்றோல் செட்டில் வேலை செய்த காலத்தில் ஞாயிறு சந்தைகளில் தேடித் தேடி வாங்கியவை. வில்லியமும் மேரியும் ஒரே பதக்கத்தில், புருசன் முன்னுக்கு, பெண்சாதி பின்னுக்கு. பிரான்ஸ் நாட்டு லூயி, தோளுக்குக் கீழே சுருள் மயிர். மேவாய் பெருத்த ஆன் ராணிதான் செல்லம். நான் அவளைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமையைத் தின்றவள். இப்போது அவள்தான் என் மனுசனைக் கொஞ்ச நேரத்துக்காவது திருப்பித் தருகிறாள்.

ஒக்டோபர் 10, வியாழன்

வெயில், ஆனால் குளிர். முழங்கால் நோ.

நாளை சரஸ்வதி பூசை. மகள் மயூரி கிங்ஸ்பரியிலிருந்து தொலைபேசியில். "அம்மா, லீவ் தரமாட்டினமாம். சொறி." சரி, ஆருக்கு அவிக்கிறேன் கடலை?

குத்துவிளக்கு, தட்டம், செம்பு எல்லாம் பழப்புளி போட்டுத் தேய்த்து, திருநீற்றால் மினுக்கியாயிற்று. பிள்ளைகள் புத்தகம் வைப்பதுபோல அவர் வருடாவருடம் பதக்கங்களைச் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பார். தானே எடுத்து, தானே வைத்து, தானே சுற்றிவைப்பார். இந்த முறை நான்.

மினுங்கும் விளக்குக்குப் பக்கத்தில் பதக்கம் எல்லாம் கரிச்சட்டி நிறம். அவர் ஹோமுக்குப் போன பிறகு கவனிக்க ஆளில்லை, பாவம் என்று நினைத்தேன். கை படக்கூடாது என்பாரே, ஊத்தை பிடிக்கும் என்றுதானே. எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் போட்டேன். ஆன் ராணி புதுக்குடம் மாதிரி வந்தாள். கனநாளைக்குப் பிறகு வாயில் பாட்டு வந்தது.

ஒக்டோபர் 11, வெள்ளி

பூசை. தனிய ஒரு தேவாரம். கடலை அவியவில்லை. சக்களத்திக்கும் ஒரு பூ வைத்தேன்.

ஒக்டோபர் 12, சனி

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

பதக்கம் எல்லாவற்றையும் ஹோமுக்குக் கொண்டுபோனேன், சந்தோசப்படுவார் என்று. ஆன் ராணியை வாங்கினார். திருப்பினார். திரும்பத் திருப்பினார்.

"இது என்ரை இல்லை."

"உங்கடைதான் இஞ்சேருங்கோ. நான்தான் மினுக்கினனான்."

"என்ரை கறுப்பு. ஆரோ மாத்திப்போட்டினம்."

வில்லியம் மேரியைக் கொடுத்தேன். லூயியைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக மேசையில் தள்ளிவிட்டார். என்னைப் பார்த்த பார்வை, களவு எடுத்தவளைப் பார்ப்பதுபோல. நேர்ஸ் பிள்ளை வந்து தேத்தண்ணி கொடுத்து அவரை இருத்தினாள். 'இஞ்சேரும்' வரவேயில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

தூறல். அவர் வாங்கும் சந்தைக்குப் போனேன். கடைக்காரக் கிழவர் என்னை அடையாளம் கண்டு, அவர் சுகமா என்று கேட்டார். ஆன் ராணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்தக் கறுப்பு ஊத்தை இல்லையாம். முந்நூறு வருடம் காற்றுப் பட்டு, கவனமாக வைத்திருந்த கைகளில் ஏறின நிறமாம்; அது கெடும் என்றுதான் முகத்தில் கை படக்கூடாதாம். கடைசிப் பங்கு உங்கள் கணவரின் கை என்றார். திருப்பி ஏற்ற ஏலுமா என்று கேட்டேன். தலையாட்டினார், இல்லை என்று. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தைக்கு நடுவில் நின்று அழுதேன்.

வீட்டில் செய்து பார்த்தவை: நல்லெண்ணெய். தேயிலைச் சாயம். மெழுகுதிரிப் புகை. எல்லாம் பொய்க்கறுப்பு, துடைத்தால் போகிறது.

மயூரி போனில்: "அம்மா, உங்களுக்குத் தெரியாதுதானே. இட்ஸ் ஜஸ்ட் எ மெடல்." அவளோடு கோபமில்லை. என்னோடுதான். நாற்பது வருடம் பக்கத்தில் இருந்தும், ஏன் தொட வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்

வெளிச்சமான நாள். பனியன் இரண்டும் கொண்டுபோனேன். பதக்கம் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

யன்னலோரம் இருந்தார். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டதும் தானாகவே கதைத்தார், மெதுவாக, நேர்ஸுக்குக் கேட்காமல்.

"உங்களிட்டை ஒரு உதவி கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"என்ரை மெடலுகளை ஆரோ எடுத்திட்டினம். இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லி விளங்குதில்லை. நீங்கள் தமிழ் ஆள். என்ரை மனுசிக்கு ஒருக்கா போன் பண்ணிச் சொல்லுவீங்களோ? அவ கெட்டிக்காரி. அவ வந்தா எப்பிடியும் தேடித் தந்திடுவா."

"ஓம் ஐயா, சொல்லுறன்" என்றேன்.