வெளிச்சம் தின்ற மஞ்சள்

என் பிரியமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

சாந்தி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. காமாலை என்றார்கள். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. உன்னைக் கொண்டுபோன நோயும் அதுதானே?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீயும் நானும் பி.எஸ்சி. வகுப்பில் ஒரே லேப் மேஜைக்காரிகள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வருகைப் பதிவுக்குக்கூடக் குரல் எழும்பாது. எனக்கும் சேர்த்து நீதான் பேசுவாய்.

லேபில் மெக்னீசியம் நாடா கண் கூச எரிந்ததே, நினைவிருக்கிறதா? "மெக்னீசியத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் கல்யாணம்டி. லைட்டெல்லாம் இன்னிக்கு மட்டும்தான். நாளைக்குப் பாரு, வெறும் சாம்பல்" என்றாய். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் பஸ் நின்றுவிட்டால், "வெளிச்சம் அவ்ளோ வேகம்னு சொல்றாங்களே, அல்சூர் சிக்னல்ல மாட்டினா அதுக்கும் லேட்டாவுமா?" என்பாய். முன்சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அக்கா கல்யாணத்தில் நீ செய்த வேலையை அம்மா இன்னும் மறக்கவில்லை. ஜோகுபாளையம் வீட்டு வாசலில் மாப்பிள்ளையும் அக்காவும் நின்றிருந்தார்கள். அம்மா மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்கச் சிவக்க ஆரத்தி வைத்திருந்தாள். ஆரத்தியை அவ்வளவு கிட்டத்தில் நீ பார்த்தது அன்றுதான். "இது நம்ம லேப் சமாச்சாரம்டி" என்று என் காதில் சொல்லிவிட்டு, திருஷ்டிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதில் பிழிந்துவிட்டாய். சிவப்பு போய் மஞ்சள் வந்தது.

"அடிப்பாவி, மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாரு, நீ இன்னாடி பண்ணி வெச்சே?" என்று அம்மா தட்டைப் பிடுங்க, பாதித் தண்ணீர் மாப்பிள்ளையாக நின்ற மாமாவின் பட்டு வேட்டியில். யாரோ ஓடிவந்து சோப்புப் போட, கறை இரத்தம் மாதிரி சிவந்தது. சம்பந்தி வீட்டார் முகங்கள் மாறின. நீ மட்டும் நிதானமாகச் சொன்னாய்: "ஆன்ட்டி, தேய்க்காதீங்க. அலசிட்டு வெயில்ல போடுங்க. மஞ்சளை வெளிச்சம் தின்னுடும்." மொட்டை மாடியில் காயப் போட்டோம். சாயங்காலத்துக்குள் கறை மங்கி, மறுநாள் காணாமலே போனது.

கல்லூரி முடிந்த அடுத்த வருஷமே நீ படுத்துவிட்டாய். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது உன் கண்கூட மஞ்சள். "யாருடி என் மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சது?" என்று கேட்டாய். அப்போது நர்ஸ் வந்தார். நீ அவரைப் பிடித்துக்கொண்டாய்.

"சிஸ்டர், அந்த வார்டுல பாப்பாங்களுக்குக் காமாலைன்னா நீல லைட்டு வெக்கிறீங்களே, எனக்கும் ஒண்ணு வையுங்க. பெரியவங்களுக்கு ஏன் வெக்கிறதில்லே?"

"அதுக்கு நீ மறுபடியும் பொறந்து வரணும்" என்றார் அவர். வார்டே சிரித்தது. நீதான் அதிகம் சிரித்தாய். ஆனால் உன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீ போன பிறகு அது என்னோடு தங்கிவிட்டது. ஒரு விளக்கு வைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயோ?

போன வாரம் அதே மாதிரி நீல விளக்கின் கீழே நம் பாப்பா. கண்ணில் துணிக்கட்டு, இடுப்பில் ஒரு சின்னத் துணி. மஞ்சள் இன்னும் ஏறினால் மூளையைப் பாதிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அம்மாவோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதிலேயே குறியாக இருந்தாள். ஆனேக்கல் பக்கம் யாரோ காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுக்கிறாராம்.

"பச்சப் புள்ளை கண்ணைக் கட்டிப் போட்டிருக்காங்க. வெளிச்சத்துல காமாலை போவுமா? இது இன்னா துணியா, வெயில்ல வெளுக்கிறதுக்கு?"

அக்கா அழுதுகொண்டிருந்தாள். மாமா அம்மா பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். எனக்கும் சேர்த்துப் பேச நீ இல்லை. ஆனாலும் பேசினேன் ஸ்டெல்லா.

"துணி மாதிரிதாம்மா. மாமா வேட்டியில பட்ட மஞ்சக்கறை சோப்புக்குப் போச்சா? வெயிலுக்குத்தானே போச்சு?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஸ்டெல்லா பொண்ணு சொன்னதா?"

"அவ சொன்னதுதான்."

இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தூக்கிய பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு அவ சொன்னது பலிச்சுது" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது அவர் பின்னாலேயே வராண்டா வரை போனேன். கூப்பிடத் தயங்கி இரண்டடி தள்ளியே நின்றேன். அவர் கன்னடம் கலந்து "ஹெதர்பேடி, பயப்படாம கேளுங்க" என்றார். உன் கேள்வியை அப்படியே கேட்டேன். பெரியவர்களுக்கு ஏன் அந்த விளக்கை வைப்பதில்லை?

பொறுமையாகச் சொன்னார். தோலுக்குள் இருக்கும் மஞ்சள் பொருளின் வடிவத்தை அந்த ஒளி மாற்றுமாம். மாறியது மூத்திரத்திலும் மலத்திலும் வெளியேறிவிடுமாம். குழந்தையின் ஈரல் வேலை பழகும்வரை அந்த உதவி போதும். பெரியவர்களுக்குக் கெட்டுப்போவது ஈரலே. மேலே இருக்கும் மஞ்சளை எடுத்தாலும் உள்ளே நோய் அப்படியேதான் இருக்குமாம்.

நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். விளக்கு வைத்திருந்தாலும் உன்னைக் காப்பாற்றியிருக்காது. இதைத் தெரிந்துகொண்டதில் ஆறுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. உனக்கு இது போதுமா? இன்னொரு கேள்வி கேட்டிருப்பாயோ?

பாப்பாவுக்கு மஞ்சள் இறங்கிவிட்டது. நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பசித்தால் தெருவே கேட்க அழுகிறாள். இவள் என்னைப் போல இருக்கமாட்டாள் என்று தோன்றுகிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவள் கேள்வி கேட்கத் தொடங்கும்போது சும்மா இரு என்று சொல்லமாட்டேன். தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் இருக்கும் கதவு வரை போவேன். கதவை நானே தட்டுவேன்.

பாப்பாவுக்குச் சித்தியும்,
உனக்கு என்றைக்கும் லேப் மேஜைக்காரியுமான,
பரிமளா