டயர் என்று சொன்னது யார்

சாஸ்தா துணை

ராஜவல்லிபுரம்,
மார்கழி 18.

அன்பு மகன் பேச்சிராஜுக்கு அப்பா எழுதுவது. அந்த ஊர்க் குளிரிலும் வேலையிலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கேள்வி கேட்டால் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன், இரண்டு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிம் வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அக்கா ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாயாம். காரணம் நான்தான். வண்டி வாங்கும் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். கங்கைகொண்டானில் கம்பெனிகளுக்கு முன்னால் புல்தரை போடுவது, மரம் வைப்பது என்று அத்தானுக்கு வேலை வரத் தொடங்கியதும், மண் அள்ள ஒரு சின்ன லோடர் வாங்கலாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தீர்கள். நீ அங்கே நாலு வருஷமாக அதே மாதிரி லோடரில் புல்தரை வேலை செய்கிறவன், டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடுகிற செயின் வண்டிதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாய். அதன் பாரம் மண்ணில் பரவி விழும், ஈரத்தில் புதையாது, சரிவில் நிற்கும், போட்ட புல்லையும் கெடுக்காது, டயர் வண்டி நின்ற இடத்தில் திரும்பினால் தரையைப் பிறாண்டி எடுத்துவிடும் என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. கங்கைகொண்டான் பூராவும் சரள் மண், அங்கே ஒரு செயின் வண்டியின் ரப்பர் பட்டை கல்லில் கிழிந்து, மாற்றுப் பட்டை வருகிற வரை ஒன்றரை மாதம் வெயிலில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். டயர் என்றால் பஞ்சரை எந்தக் கடையிலும் ஒட்டலாம், அடுத்த சைட்டுக்கு லாரியில் ஏற்றாமல் ரோட்டிலேயே ஓட்டிப் போகலாம், விலையும் குறைவு. இதெல்லாம் பொய்க் காரணம் இல்லை. ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. முப்பது வருஷம் இந்த ஊர் வயலில் டிராக்டர் ஓட்டினேன், இரும்புச் சக்கரம் மாட்டி முழங்கால் சேற்றில் உழுதேன், எனக்கு மண்ணைப் பற்றி மகன் சொல்லித் தருவதா என்று பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, மச்சான் என்ன சொல்லுதான்? அவன் ஓட்டுதவன், அவன் சொல்லுததையே வாங்கிருவோம்" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, "டயர்தான் சொல்லுதான், நம்ம சரளுக்கு அதுதான் சரின்னுட்டான்" என்று சொல்லிவிட்டேன். நீ வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு ஏன் டயர் என்று கேட்டபோது, "உங்க அத்தான் பிடிவாதமா நிக்காவ, நான் என்னலே செய்ய" என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு அங்கே ஷிப்டு, அவருக்கு இங்கே சைட்டு, இருவருக்கும் நடுவில் பேச்சு என் வழியாகத்தான் போய்வந்தது. அதனால் என் இரண்டு பொய்யும் மாட்டிக்கொள்ளவே இல்லை. ஏழு மாதம் வண்டி நன்றாக ஓடியது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்குள் திமிர் ஏறிக்கொண்டே போயிற்று.

ஐப்பசி கடைசியில் ஒரு கம்பெனி வாசலில் மேடு கட்டிப் புல் பதிக்கிற வேலை. சரளில் புல் பிடிக்காது என்று குளத்தில் எடுத்த கரம்பைக் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி ஆள் உயரத்துக்கு மேல் மேடு போட்டிருந்தார்கள். நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் நானும் மாப்பிள்ளையோடு போனேன். மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு அவர், "மாமா, அடி காயல, ரெண்டு நாள் போவட்டும்" என்றார். "நடவு வயல்ல ஓட்டினவன் சொல்லுதேன், ஏறும், போங்க" என்றேன். வயல் சமதளம், இது சரிவு என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பக்கெட் நிறைய மண்ணோடு பாதி மேடு ஏறினார், டயர் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது, இறங்கிவிடலாம் என்று குறுக்கே திருப்பினார், பள்ளத்துப் பக்கத்து டயர் இரண்டும் புதைந்து வண்டி பையச் சாய்ந்தது. மெதுவாகச் சாய்ந்ததால்தான் தப்பிவிடலாம் என்று நினைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கமாகக் குதித்தார். வலது கால் வண்டிக்கு அடியில் போய்விட்டது. உள்ளேயே இருந்திருந்தால் சீட்டைச் சுற்றியிருக்கிற கம்பிக் கூண்டு காப்பாற்றியிருக்கும். வண்டியைத் தூக்கப் பக்கத்து சைட்டிலிருந்து ஒரு செயின் வண்டிதான் வந்தது. அதே மேட்டில் அதே ஈரத்தில் அது ஏறி நின்றது. மாப்பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன்.

முழங்காலுக்கு மேல் கால் போனது உனக்குத் தெரியும். கட்டைக் கால் வைத்து மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்று நான் உன்னிடம் சொன்னதும் பொய்தான். புண் ஆறவில்லை, சர்க்கரையும் கூடியிருக்கிறது, இன்னும் மேலே வெட்ட வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லுகிறார். எடுத்த வேலையெல்லாம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. இந்த நிலைமையில் நீ அக்காவிடம், "நான் அப்பவே செயின் வண்டி சொன்னேன்க்கா, அத்தான்தான் கேக்கல" என்று சொன்னாயாம். அவளுக்குத் தெரிந்ததோ டயர் சொன்னது நீ. காலை இழந்து கிடக்கிற மனுஷன் மேலேயே பழியையும் போடுகிறானே என்று அன்றைக்கு உன்னை வெறுத்தவள்தான். மாப்பிள்ளைக்கு உன்மேல் கோபமே கிடையாது. "மச்சான் தெரிஞ்சா சொன்னான், அவன் ஓட்டுத மண்ணு வேற" என்று அவளைத்தான் அடக்கினார். வாசலில் நின்று அதைக் கேட்டேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் உன் அக்கா பொன்செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். ஈரத் துணியைப் பிடித்தபடியே "தம்பியை என்னல்லாம் ஏசிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன் என்று நான் திரும்பியபோதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிராதீய. ஒங்க பாரம் எறங்கணும்னு அவியகிட்டப் போய்ச் சொல்லப்போறியளா? மாமா மடியில வச்சிக்கிட்டு அழுதாவன்னு இன்னமும் சொல்லிக்கிட்டுக் கெடக்காவ. அவியளுக்கு இப்ப இருக்கதே அதுதான், அதையும் எடுத்திராதீய" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இனிமேல் பேசுவாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் அவளே சொல்லிவிட்டாள். அம்மா நேரத்துக்குச் சோறு போடுகிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. மாப்பிள்ளை மட்டும் நான் போனால் நகர்ந்து படுத்து இடம் கொடுக்கிறார், கையைப் பிடித்துக்கொள்கிறார். அங்கே இருக்கவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கேட்க எனக்கு வாய் கிடையாது, ஆனாலும் கேட்கிறேன். அத்தானிடம் நீ பேசும்போது, டயர் சொன்னது நீ என்றே இருக்கட்டும். நீ செய்யாத தப்பு, நான் செய்தது, அவருக்காக நீ அதை வைத்துக்கொள். முடியாது என்று உனக்குப் பட்டால் அதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். சித்திரையில் வேலையை விட்டுவிட்டு வந்து அத்தானோடு சேர்ந்து தொழில் பார்க்கிறேன் என்கிறாயே, வராதே. இங்கே தொழில் இல்லை. நீ எதிரே வந்து நின்றால் அவர் உன் காலைத்தான் பார்ப்பார்.

சாஸ்தா உன் கூடவே இருக்கட்டும், நீ நல்லா இருக்கணும். சரிவில் ஏறும்போது பக்கெட்டைத் தாழ்த்தியே வை, குறுக்கே திருப்பாதே, வண்டி சாய்ந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதே, சொல்லுகிறவன் யார் என்று பார்க்காமல் இதை மட்டும் கேள். அக்கா உன்னைக் கூப்பிடப் போவதாக அம்மா சொன்னாள். எடு. அவள் அழுதால் அழவிடு. எனக்காக ஒரு வார்த்தையும் பேசிவிடாதே.

இப்படிக்கு உன் அப்பா,
சு. முத்துமாலை