‘சரளமாக வாசிக்கிறாள்’ என்ற பதிவை நீக்கித் தரக் கோரி

அனுப்புநர்
தே. மலர், வயது 33,
மீன் வியாபாரம்,
மீனவர் குப்பம்,
திருவொற்றியூர், சென்னை – 19.

பெறுநர்
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருவொற்றியூர்.

பொருள்: நான்காம் வகுப்பு மாணவி தே. மோகனப்ரியா சரளமாக வாசிப்பதாகப் பதிந்திருப்பதை நீக்கி, நேரில் சோதித்து, வாசிப்புப் பயிற்சியில் மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மோகனப்ரியா என் ஒரே மகள். வயது ஒன்பது. அவளுடைய பள்ளியின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். கணவர் தேசப்பன் விசைப்படகில் போனால் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரெஜி அவர்கள் இதை எழுதுகிறார்.

2. மூன்றாம் வகுப்புக்குப் போகும் வரை என் மகளுக்கு ஓர் எழுத்தும் மனதில் நிற்கவில்லை. மந்தமான பிள்ளை என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. ஏலத்தில் எந்தக் கூடை யாருக்குப் போனது என்று நாற்பது கூடை வரை வரிசையாகச் சொல்லுவாள். தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் வியர்த்துவிடும்.

3. சென்ற ஆண்டு சாண்ட்ரா என்ற சிறப்பு ஆசிரியை அப்பள்ளிக்கு வந்தார். இவளைப் போன்ற ஆறு பிள்ளைகளைத் தினமும் தனியாக உட்கார வைத்தார். முதலில் ஓசை, அப்புறம் எழுத்து, அப்புறம் கால், கொம்பு, அப்புறம்தான் சொல். ஒன்று பிடிபடாமல் அடுத்ததற்குப் போகமாட்டார். பழகுவதற்கு டேப் என்கிற கைக்கணினியில் ஒரு விளையாட்டு கொடுத்தார். டேப் ஓர் ஓசை சொல்லும். அந்த ஓசைக்குரிய எழுத்தைச் சுமந்து வரும் மீனைத் தொட்டால் வலையில் விழும். என் மகள் அதை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஆசிரியை டேப்பை மூடி வைத்துவிட்டு, அதே எழுத்துகளைத் தாளில் எழுதி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். “வெளையாட்டு பழகறதுக்குத்தாம்மா. படிக்கிறாளா இல்லையான்னு நான்தான் காதால கேக்கணும்” என்று என்னிடம் சொன்னார். பிப்ரவரி மாதம் பேருந்தில் போகும்போது என் மகள் ஒரு கடைப் பலகையில் ‘பால்’ என்று வாசித்தாள். யாரும் கேட்காமல், தானாக.

4. ஏப்ரல் மாதத்தோடு அந்த ஆசிரியையின் பணிக்காலம் முடிந்தது. வேறு ஆள் போடவில்லை. ஜூன் முதல் நாற்பது பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, மாற்றி மாற்றி டேப்பைக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து இரைச்சலாக இருக்கிறதென்று சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஓசை கேட்டு எழுத்தைத் தொட வேண்டிய ஆட்டத்தில் ஓசையே இல்லை.

5. பிறகு நடந்ததை என் மகளே பின்னால் என்னிடம் சொன்னாள். “ரெண்டு தபா தப்பா தொட்டா கரீட்டான மீனு அதுவே மினுக்கும்மா. அத்த தொட்டா ஸ்டார் வுழும்.” இப்படியே பன்னிரண்டு படிநிலைகளையும் முடித்திருக்கிறாள். அந்த நட்சத்திரங்களை வைத்துப் பதிவேட்டில் ‘சரளமாக வாசிக்கிறாள்’ என்று எழுதிவிட்டார்கள்.

6. செப்டம்பரில் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னபோது அவளால் முடியவில்லை. “டேப்ல எல்லாம் முடிச்சிருக்க, இங்க நடிக்கிறியா?” என்று கேட்டு மூன்று நாள் வராந்தாவில் நிற்க வைத்தார்கள். இதை அவள் அப்போது வீட்டில் சொல்லவில்லை.

7. அக்டோபர் 8ஆம் தேதி பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். நான் மீன் கடையில் இருந்தேன். அவளையே படிக்கச் சொன்னேன். தாளை நேராகப் பிடித்து, விரல் வைத்து, “நாளிக்கு இஸ்கோலு லீவாம்” என்று படித்தாள். பக்கத்துக் கடைக்காரிகளிடம், “பாத்தியா, எம் பொண்ணு லெட்டர் படிக்குது” என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

8. இரண்டு வாரம் கழித்து அவளுடைய பையில் அதே சீட்டு கிடைத்தது. ரெஜி அவர்களிடம் கொடுத்தேன். அவர் ஒருமுறை படித்துவிட்டு என் மகளைப் பார்த்தார். பிறகுதான் எனக்கு வாசித்துக் காட்டினார். ‘மாணவி சரளமாக வாசிப்பதாகப் பதிவாகியுள்ளது. அவருக்கு வாசிப்புப் பயிற்சி தொடர வேண்டுமென்றால் பெற்றோர் 17ஆம் தேதிக்குள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்’ என்று இருந்தது.

9. நான் அவளை நடுத்தெருவில் அடித்தேன். ரெஜி அவர்கள் இதை எழுத வேண்டாம் என்றார். நான்தான் எழுதச் சொன்னேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: “நான் படிக்கிறேன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீற. தெர்லன்னு எப்டிம்மா சொல்றது?”

10. மறுநாளே பள்ளிக்குப் போனேன். “கம்ப்யூட்டர்ல பாஸான பிள்ளைய நாங்க எப்படிம்மா ஃபெயிலாக்க முடியும்? கூப்பிட்டோம், நீங்க வரல” என்று தலைமையாசிரியர் கூறினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். சேர்க்கைப் படிவத்தில் நான் வைத்த கைநாட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

11. அன்றிலிருந்து என் மகள் பள்ளிக்குப் போவதில்லை. நாத்தனார் குப்பம்மாவுடன் இறால் உரிக்கப் போகிறாள். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்திருக்கின்றன. பேருந்தில் ஏறினால் பலகைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறாள். வேலைக்கு அனுப்புவது குற்றம் என்று தாங்கள் சொல்லலாம். நான் அனுப்பவில்லை ஐயா. பள்ளிக்குக் கூப்பிட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

12. டேப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாண்ட்ரா ஆசிரியையின் கையில் இருந்தபோது அதே விளையாட்டுதான் என் மகளை எழுத்தின் பக்கம் இழுத்தது. சத்தத்தோடு கொடுங்கள், ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். யாராவது ஒருவர் புத்தகத்தோடு என் மகள் எதிரில் அமர்ந்து, அவள் எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று காதால் கேட்கட்டும். பதிவேட்டில் இருப்பதை அழித்துவிட்டு, அந்த எழுத்திலிருந்து மீண்டும் தொடங்க உத்தரவிடுங்கள். அந்தக் கூடத்தில் இன்னும் முப்பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மீன் மினுக்கியது என்பதையும் விசாரிக்க வேண்டுகிறேன்.

13. இம்மனுவுக்கான பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்ப வேண்டாம். தபால் வந்தால் ரெஜி அவர்களிடம் போகும் முன் என் மகள் கையில்தான் கிடைக்கும். அவளும் எதையாவது படித்துக் காட்டுவாள். ஆள் அனுப்பி வாயால் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் கடையில் வேலை இருக்காது. கூப்பிட்டால் நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 10.11.2025

இப்படிக்கு,
தே. மலர்
(இடது பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்ல எழுதி, முழுவதும் அவருக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன்.
செ. ரெஜி