பவர் சப்ளையும் கண்ணாடி வளையலும்

மாமா,

நேற்று மத்தியானம் வேலை நடுவில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வாடை வந்தது. எரிந்த நாற்றம் இல்லை, சுண்ணாம்புத் தூசி சூடேறினால் வருமே, அந்த வாடை. அவசரமாக அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அரியலூருக்கு வீடு மாறி வந்த பிறகும் சிமென்ட் தூசி எங்களை விடவில்லை. தூசியைத் துடைத்து முடித்தேன். ஆனால் எழுந்து வேலைக்குப் போக மனம் வரவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

ரெட்டிபாளையம் வீட்டுக்கு நான் மருமகளாக வந்த புதிதில் நீங்கள் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது, அந்த வீட்டு வழக்கம் அப்படி. நீங்கள் கூடத்தில் இருப்பீர்கள், நான் அடுப்படியில் நிற்பேன், நடுவில் அத்தை.

"அந்தப் புள்ள சாப்ட்டுச்சான்னு கேளு" என்பீர்கள். எனக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அத்தை திரும்பி, "சாப்ட்டியாம்மா?" என்பார். "சாப்ட்டேன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். அது உங்களுக்கும் கேட்கும். உங்கள் பிள்ளை சென்னையில் வேலையாக இருக்க, மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் இரண்டு தடவை நடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பெரம்பலூரில் ஒரு டி.டி.பி. கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டதில் எனக்கு இருந்த ஏக்கம் பார்த்து, உங்கள் பிள்ளை பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து வைத்தார். திருச்சி அச்சகம் ஒன்று பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகம் கொடுத்துப் பார்த்தது. திங்கட்கிழமைக்குள் பக்கம் வரவில்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் 'டப்' என்று நின்றது.

பவர் சப்ளை போயிருக்கும் என்றார் உங்கள் பிள்ளை போனில். கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. அரியலூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கு வந்து மாற்ற புதன்கிழமை ஆகும் என்றார். நான் அழவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அத்தையிடம், "பழச கழட்டித் தரச் சொல்லு. அதக் காட்டி வாங்கிட்டு வரேன்" என்றீர்கள்.

கழற்றினேன். உள்ளே காற்றாடி தெரியாத அளவுக்கு வெள்ளைத் தூசி இறுகிக் கிடந்தது. சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற பிரிவில் ஆயுசைக் கழித்தவர் நீங்கள். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம நெஞ்சாங்கூடு மாதிரியே இருக்கு" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு மஞ்சப்பையில் போட்டீர்கள்.

மத்தியானத்துக்குள் புதிய பெட்டியோடு வந்துவிட்டீர்கள். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே மாட்ட உட்கார்ந்தேன். நீங்கள் முதலில் எனக்கு ரப்பர் செருப்புப் போடச் சொன்னீர்கள், அத்தை வழியாகத்தான். பிறகு கொல்லையிலிருந்து காய்ந்த மண்வெட்டிக் காம்பு ஒன்றை எடுத்து வந்து என் பக்கத்தில் நின்றீர்கள்.

"என்னாங்க இது, மருமவள அடிக்கப் போறீங்களா?" என்றார் அத்தை.

நீங்கள் இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்து நின்றீர்கள்.

அன்றைக்கு ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. பெட்டியின் ஓட்டைகள் பொருந்தவில்லை. தலைகீழாக வைத்து முடுக்கப் பார்த்திருக்கிறேன் என்று புரியவே நேரமாயிற்று. திருப்பி வைத்தால் ஒரு திருகாணி உள்ளே விழுந்து மறைந்தது. கம்ப்யூட்டரைச் சாய்த்து உலுக்கியதில் காய்ந்த பல்லி ஒன்று விழுந்தது. அத்தை பதறிப்போய்ப் பஞ்சாங்கத்தைத் தேடப் போனார். "தலையில வுழுந்தாத்தான் பலன். தரையில வுழுந்ததுக்கு என்னா பலன்?" என்று நீங்கள் அதட்டினீர்கள். இன்னொரு உலுக்கலில் திருகாணியும் கிடைத்தது. எல்லா வயரையும் சொருகி சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, திரையில் படம் வரவில்லை. பார்த்தால், சின்ன வயர் ஒன்று சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கரண்டை நிறுத்தி அதையும் சொருகிவிட்டு மறுபடி போட்டேன். தடதடவென்று ஒரே சத்தம். ஏதோ ஒரு வயர் உள்ளே இருந்த இன்னொரு காற்றாடிக்குள் போய்விட்டது. யோசிக்காமல் கையை விட்டு இழுத்தேன். காற்றாடி விரலில் அடித்தது. "அய்யோ!" என்று கத்தினேன்.

மண்வெட்டிக் காம்பு என் மணிக்கட்டில் இறங்கியது.

கண்ணாடி வளையல்கள் மொத்தமும் நொறுங்கிவிட்டன. கையில் இரண்டு இடத்தில் ரத்தம். "சுமங்கலிப் பொண்ணு கைய இப்படி ஆக்கிட்டீங்களே, பாவி மனுசா!" என்று அத்தை அழுதார். நீங்கள் காம்பைக் கீழே போடாமல் நின்றீர்கள். அப்புறம் அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"கரண்டு புடிக்கலயாம்மா?"

"இல்ல மாமா. ஃபேன்தான் வெரல்ல அடிச்சுது."

"என் தம்பி மோட்டார்ல ஒட்டிக்கிட்டு நின்னப்ப என் கையில ஒண்ணுமே இல்லம்மா."

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

நான் காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு, வயர்களைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. டைப் அடிக்க ஆரம்பித்து வெகுநேரம் கழித்து நீங்கள் திரும்பினீர்கள். மறுபடி பஸ் ஏறி அரியலூர் போயிருக்கிறீர்கள். செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை மேசை மேல் வைத்தீர்கள். பச்சையும் சிவப்புமாக வளையல்கள்.

"அளவு தெரியல. அதான் மூணு அளவுலயும் வாங்கியாந்தேன்" என்றீர்கள். பிறகு திரையைப் பார்த்து, "படம் வந்துருச்சா?"

அத்தை வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். அதற்குள் நான், "வந்துருச்சு மாமா" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த அச்சகம் இன்றைக்கும் எனக்கு வேலை அனுப்புகிறது. அதன் பிறகு நாம் எவ்வளவு பேசினோம்! மழை வருமா, கத்தரிக்காயில் பூச்சியா, சென்னையிலிருந்து போன் வந்ததா, எல்லாம் நேராகவே கேட்டீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மட்டும் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவீர்கள். சித்திரை வெயிலிலும் போவீர்கள். கூட்டாளிகளோடு அரட்டையில் அப்படி ஒரு பிரியம் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், உங்களோடு மூட்டை பிடித்தவராம், வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"ஆபீஸ் நடத்துற மருமவ நீதானாம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"வூட்டுக்குப் போயி செத்த நேரம் படுய்யான்னா கேக்க மாட்டாரு. 'மருமவ ஆபீஸ் நடக்குற நேரம். நான் இருந்தா இருமிக்கிட்டே கெடப்பேன், அது வேலை கெடும்'பாரு. பெஞ்சுலயே ஒக்காந்து தூங்குவாரு, பாவம்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன்.

இந்த அரியலூர் வீட்டில் இருமுவதற்கு ஆள் இல்லை. மத்தியானத்தில் அத்தையும் தூங்கிவிடுவார். ஆனால் வேலைக்கு உட்காரும்போது வீடு அமைதியாக இருந்தால், அது தானாக வந்த அமைதி என்று என்னால் இப்போதும் நினைக்க முடிவதில்லை, மாமா.