பாப்பா உயரத்துக்கு ஒரு நூல்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? போன வாரம் இங்கே கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்தபடியே கொட்டாவி விட்டேன். தாடை மூடாமல் நின்றுவிட்டது. பயப்படாதே, சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் டாக்டரம்மாதான், “நாள் முழுக்கக் குனிஞ்சே இருக்கீங்க, யார்கிட்டயும் பேசுறதும் இல்லங்கிறீங்க. தாடை பின்ன என்னதான் செய்யும்?” என்று கடிந்துகொண்டார்.

அவர் சொன்னபடி தினமும் சுவரில் தலையும் முதுகும் ஒட்ட நின்று, மோவாயை உள்ளிழுத்து, மெல்ல வாயைத் திறந்து மூடுகிறேன். கண்ணை மூடினால் அது நம் வீட்டுச் சுவர். பாப்பா ஓடிவந்து ஒட்டி நின்று உயரம் பார்க்கிறாள். எதுவரை வருகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

அவள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பு. கொண்டையைச் சேர்த்து அளந்துவிடாதே. வேலைக்கு மணியடித்துவிட்டது. நூல் வந்ததும் சுவரில் ஒட்டிவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் குனிந்து பாப்பாவோடு பேசலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

பாப்பா அப்பா