நாரையின் காலடியில் இருந்த வெள்ளைக் கீறல்

என் ஆசை அண்ணை,

நீங்கள் அதைச் சுரண்டவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அந்த நாரைப் படத்தில் இருந்த கீறல் உங்கள் கையால் வந்ததில்லை. படத்தை வரைந்த மனிசனே கீறினது. நீங்களும் நானும் பிறக்க எத்தனையோ காலத்துக்கு முன்னம்.

இந்தக் கடிதத்தை எங்கட தமிழ்ச் சங்கத்தின் இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு உங்களைப் பற்றிக் கதைத்த சனம் இன்றைக்கு இதையும் வாசிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. பொறுத்துக்கொள்ளுங்கோ.

சுவிஸில், பேர்ண் நகரத்தில், அந்த முதியோர் இல்லத்தில் நீங்கள் துப்புரவு வேலை, நான் சமையலறையில். இரண்டாம் மாடி நடைபாதைச் சுவரில் பதினொரு படங்கள் தொங்கின. அங்கேயே இருந்து இறந்துபோன ஓர் ஆங்கிலேய அம்மா விட்டுப்போனவை. அவருடைய நாட்டின் பழைய ஓவியர்கள் தண்ணீர்ச் சாயத்தில் வரைந்தவை. பனிக்குள் ஒரு முயல். மழை இறங்கப்போகிற ஒரு மொட்டை மலை. ஆற்றங்கரையில் மீனோடு ஒரு நீர்நாய். சேற்று நீரில் தனியாக ஒரு நாரை. எல்லாரும் அவற்றைக் கடந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவார்கள். நீங்கள்தான் துடைக்கிற துணியோடு நின்றுவிடுவீர்கள்.

"இஞ்ச வா பிலோ. இந்த முயலின்ர முதுகைப் பார். வெள்ளைச் சாயம் பூசவே இல்லை. வெறும் கடுதாசியை அப்பிடியே விட்டிட்டுச் சுத்திவர வரைஞ்சிருக்கிறான்."

"அடுப்பில சூப் கிடக்கு அண்ணை. எங்களை ஆண்டவங்கட படம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"ஆண்டது வேற ஆக்கள் பிள்ளை. இது ஈரப் புல்லில குந்தியிருந்து முயலைப் பாத்த ஆள். அது ஓடாமல் இருக்க இவன் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கியிருப்பான், சொல்லு பாப்பம்."

நான் சிரித்துவிட்டு ஓடிவிடுவேன். ஒரு படத்தையாவது நின்று பார்த்தேனோ?

நாரைப் படத்தின் கண்ணாடி உள்பக்கமாக மங்கிப் போயிருந்தது. நாரை ஒரு சாம்பல் நிழலாகத்தான் தெரியும். உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருவரையும் கேட்காமல் சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை உள்ளே துடைத்து, திரும்ப மூடினீர்கள். அடுத்த நாள் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். நாரையின் காலடியில், தண்ணீருக்குக் குறுக்கே, கத்தியால் கீறின மாதிரி மூன்று வெள்ளைக் கோடுகள்.

"இது முந்தி இருக்கேல்லை. நீங்கள் சட்டத்தைத் திறந்தனீங்களோ?"

"ஓம், திறந்தனான். ஆனால் படத்தில கை வைக்கேல்லை."

முதல் பாதியை மட்டும்தான் அவர் கேட்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கு மாற்றினார். உங்கள் கோப்பில் ஒரு கடிதமும் வைத்தார். அது நீங்கள் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். அந்தக் கடிதமும் கூடப் போகுமோ என்று எத்தனை மாதம் தபால்பெட்டியைத் திறக்கப் பயந்தீர்கள். விசா வந்தது. ஆனாலும் இரண்டாம் மாடிக்கு நீங்கள் பிறகு ஏறவே இல்லை.

சனம் கதைத்ததை விடுங்கோ. நான் கேட்டதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. துணியில கல்லுக் கில்லு ஏதும் இருந்ததோ?"

நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். பிறகு, "எனக்கே தெரியேல்லை பிள்ளை" என்றீர்கள். அதற்கு முதல் ஒருநாளும் நீங்கள் அப்படிச் சொன்னதில்லை. கூடப் பிறந்தவளே கேட்டபடியால்தானே உங்களுக்கே உங்களில் சந்தேகம் வந்தது? போன மாரியில் உங்கள் நெஞ்சு நின்றபோது, அந்தச் சந்தேகத்தையும் கொண்டுதான் போனீர்களோ?

இப்ப நடந்ததைக் கேளுங்கோ. நடைபாதைக்கு வண்ணம் அடிக்கப் படங்களைக் கழற்றினார்கள். அதோடு நாரைப் படத்தையும் திருத்திவிடுவோம் என்று பொறுப்பாளர் அம்மா சூரிச்சில் இருந்து ஒரு பெண்ணை அழைப்பித்தார். பழைய கடுதாசிப் படங்களைத் திருத்துவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. நான் கோப்பி கொண்டுபோன நேரம், அவ பூதக்கண்ணாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா.

"இதையோ திருத்தச் சொல்லுறீங்கள்? இது பழுது இல்லை. இதுதான் தண்ணீரில விழுற வெளிச்சம்."

அந்தக் காலத்து ஆங்கிலேய ஓவியர்கள் அப்படித்தானாம். சாயம் காய்ந்த பிறகு கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, அடியில் இருக்கும் வெள்ளைக் கடுதாசியை வெளியே கொண்டுவருவார்களாம். அலை மினுங்க, மழைத் தாரை தெரிய, பறவையின் சிறகோரம் பளிச்சிட, எல்லாத்துக்கும் அந்தக் கத்திதானாம். "கீறலுக்கு மேலால நீலம் ஓடியிருக்குது, பாருங்கோ. கீறினவரே பிறகு பூசியிருக்கிறார்" என்று காட்டினா. அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இவ்வளவு காலமும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீங்கள் துடைத்ததால்தான் தெரிந்தது.

தட்டை மேசையில் வைத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். நூல் மாதிரி ஒரு நீலம் அந்த வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. பிறகு பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். அண்ணை, அந்தத் தண்ணீர் குளிர்ந்தது! நாரை ஒரு காலைத் தூக்கப்போகிறது, தூக்கினால் மீன் கலைந்துவிடும் என்று யோசிக்கிறது. அந்த மூன்று கோடும் இல்லாவிட்டால் அது வெறும் சேறு. ஆறு வருசமாக அங்கே வேலை செய்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு படத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் அம்மாவும் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அடுத்த நாள் சமையலறைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் "எக்ஸ்குஸி" என்று மன்னிப்புக் கேட்டார். "இந்த மன்னிப்பை உங்கட அண்ணையிட்டைக் கேட்டிருக்க வேணும். இப்ப உங்களிட்டைத்தான் கேக்க முடியுது." கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுதேன், உடனே சிரிப்பும் வந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்: பழைய கடிதத்துக்கு மேலே நடந்ததை எழுதி வையுங்கோ. எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒரு பிரதி என்னிடம் இருக்கு. அன்றைக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்னுமொரு புதினம். ஐப்பசியில் லண்டனில் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம். எனக்கு விசா கிடைத்துவிட்டது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இப்படியான படங்களைப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்களாம். கேட்டால் மேசையில் எடுத்து வைத்துக் காட்டுவார்களாம். "சமையலறையில வேலை செய்யிற ஆக்களுக்குமோ?" என்று படம் திருத்த வந்த பெண்ணிடம் கேட்டேன். "ஆருக்கும்" என்று சொல்லி, அந்தப் பெண் முகவரியை எழுதித் தந்தா.

போவேன் அண்ணை. கலியாணச் சேலையோடு என்றாலும் போய், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுவேன். ஒன்றையும் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
பிலோமினா